மௌன ஜெபத்தில் தனியாக உட்கார்ந்த பதினான்கு மாதங்கள்

திருச்சியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம், ஞாயிறு ஆராதனை, மாதம் ஒரு உபவாச ஜெபம் என்று வளர்ந்தவள். ஜெபம் என்றால் வாய் திறந்து பேசுவது என்றுதான் நாற்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம்தான் பேசாமல் உட்காரும் ஜெபத்துக்கு வந்தேன். அது எனக்குச் செய்த நன்மை பெரியது. ஆனால் நான் அதற்குள் போன விதம் என்னைப் படுக்கையில் தள்ளியது. போன மாதம் எங்கள் பள்ளியில் ஓர் இளம் டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நாலு மணிக்கு எழுந்து மௌனமா உட்கார்றேன். ரெண்டு மாசமா ஒரே அழுகையா வருது. யார்கிட்டயும் சொல்லல. இது நல்லதுதானே?" என்று கேட்டாள். மூன்று வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்தது போல இருந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2021 மே மாதம் அம்மா கொரோனாவில் போனார்கள். முழு ஊரடங்கு. இ-பதிவு போட்டு, காருக்கு ஆள் பிடித்து நான் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தைத் தம்பி ஃபோனில் காட்டினான். நாலு பேர் உடல் முழுக்கப் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு நின்றார்கள். சபைப் போதகரான ஐயர் தூரத்தில் நின்று இரண்டு நிமிடம் ஜெபித்தார். அம்மாவுக்குப் பிடித்த பாமாலைப் பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லை. படம் உறைந்து உறைந்து வந்தது. கடைசியில் வெறும் மண்மேடு தெரிந்தது. அதற்குப் பிறகு சபையில் யாராவது சத்தமாக ஜெபித்தால் எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல இருக்கும். "கர்த்தர் நன்மையாகவே செய்வார்" என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள் மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தை நினைத்து ராத்திரி முழுக்கக் குற்ற உணர்வு.

அந்த நாட்களில் சங்கீதம் மட்டும் வாசிக்க முடிந்தது. ஒரே வார்த்தை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 46ஆம் சங்கீதத்தில் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்". 37இல் "கர்த்தரை நோக்கி அமர்ந்து, அவருக்குக் காத்திரு". 62இல் "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது". ராஜாக்கள் புத்தகத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காற்றிலும் நெருப்பிலும் கேட்காத கர்த்தர் வருவதும் "அமர்ந்த மெல்லிய சத்தம்" ஒன்றில்தான். அமர்வது என்றால் நமக்கு உட்காருவதும்தான், அடங்குவதும்தான். மழை அமர்ந்தது, காய்ச்சல் அமர்ந்தது என்கிறோம். ஜெபத்தில் பேச முடியாதவள் அமரலாமே என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் தவறு எதுவும் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகஸ்டில் தொடங்கினேன். விடியற்காலை நாலு மணிக்கு அலாரம். வீட்டில் எல்லாரும் தூங்குவார்கள். சமையலறைத் தரையில் பாய் விரித்து, ஃபிரிட்ஜுக்கு எதிரே உட்காருவேன். வேறு இடம் இல்லை. முதல் மூன்று மாதம் தேன் போல இருந்தது. பால்காரர் பாக்கெட்டை வாசலில் போடும் சத்தம் கேட்கும் வரை ஒரு மணி நேரம் போனதே தெரியாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவும், இருவரையும் வேறொருவர் பார்த்துக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். கண்ணீர் வரும், ஆனால் பாரம் குறையும். அந்த இனிமைக்காக நேரத்தை ஒன்றரை மணி ஆக்கினேன், அப்புறம் ராத்திரியும் ஒரு மணி நேரம். படுக்கப் பதினொன்றரை, எழ நாலு. நாலரை மணி நேரத் தூக்கம். வாரம் இரண்டு நாள் உபவாசம். நாற்பத்தைந்து வயதுப் பெண், மாதவிடாய் தாறுமாறாகப் போகும் வயது, நாளெல்லாம் நின்று பாடம் நடத்தும் வேலை. இதையெல்லாம் யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. கத்தோலிக்க வழக்கம் என்பார்கள், யோகா என்பார்கள் என்று பயம்.

வழிமுறைகளை வீடியோவிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் பொறுக்கினேன். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், நான் நாலு மாதம் குழம்பியது இதில்தான். இன்று பரவலாகச் சொல்லித்தரப்படும் இரண்டு முறைகள் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்று ஜான் மெயின் என்ற பெனடிக்ட் சபைத் துறவி பரப்பியது. அவர் துறவியாவதற்கு முன் மலாயாவில் வேலை பார்த்தபோது ஓர் இந்து சுவாமியிடம் தியானம் கற்றவர். பிறகு பாலைவனத்தில் வாழ்ந்த ஆதிகாலக் கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றி ஜான் காசியன் என்ற பழங்காலத் துறவி எழுதியதில் அதே வழி இருப்பதைக் கண்டுகொண்டார். அவர் முறையில் "மாரநாதா" (ஆண்டவரே வாரும்) என்ற அரமேயச் சொல்லை, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசியில் வருவதை, உட்கார்ந்தது முதல் எழும் வரை நிறுத்தாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று 1970களில் அமெரிக்காவில் ஸ்பென்சர் மடத்தில் வில்லியம் மெனிங்கர், பாசில் பென்னிங்டன், தாமஸ் கீட்டிங் ஆகிய துறவிகள் வடிவமைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் பெயர் சொல்லாத ஓர் ஆங்கிலேயர் எழுதிய 'அறியாமையின் மேகம்' என்ற நூல் அதற்கு அடிப்படை. இதிலும் ஒரு சொல் உண்டு, ஆனால் எண்ணம் எங்கோ இழுத்துப் போனது தெரியவரும்போது மட்டும் மெதுவாக அந்தச் சொல்லுக்குத் திரும்புவார்கள். மற்ற நேரம் விட்டுவிடலாம். நான் இரண்டையும் கலந்து, சொல்லைப் பிடிப்பதா விடுவதா என்று தினமும் எனக்குள் சண்டை போட்டேன். ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் அதிலேயே இருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு முறையிலும் ஆரம்பிக்கிறவருக்குச் சொல்லப்படும் நேரம் காலையும் மாலையும் இருபது நிமிடம், கூடிப்போனால் முப்பது. இரண்டரை மணி நேரம் என்று எந்தத் துறவியும் எனக்குச் சொல்லவில்லை. அது நானாக ஏற்றிக்கொண்டது.

நவம்பரில் இனிமை நின்றது. ஒரு நாள் கூட இடைவெளி விடாமல் உட்கார்ந்தும் உள்ளே வெறும் சுவர். அம்மா இல்லை, ஆண்டவரும் இல்லை. பயந்து போனேன். வெளிநாட்டுப் புத்தகங்களாக வரவழைத்தேன், மொத்தம் ரூ.7,200. பாதியைத் திறக்கவே இல்லை. அப்புறம் இணையத்தில் ஒருவர் நடத்திய வகுப்பு, நாற்பது நாளில் தேவனோடு ஐக்கியம் என்று விளம்பரம், ரூ.15,000. வாரம் ஒரு நாள் நூற்றுக்கணக்கானோரோடு சேர்ந்து பார்க்கும் வகுப்பு. கேள்வியை எழுதி அனுப்பலாம், பதில் வராது. ஆண்டவரோடு ஐக்கியத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்கள் என்றால் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். துக்கத்தில் இருக்கிறவளுக்கு அந்த அறிவு வேலை செய்யவில்லை.

2022 மே விடுமுறையில் மலையடிவாரத்தில் நடந்த பத்து நாள் மௌன முகாமுக்குப் போனேன். யார் நடத்தினார்கள் என்று சொல்ல விரும்பவில்லை. கட்டணம் ரூ.11,500. வீட்டில் பள்ளி சம்பந்தமான பயிற்சி என்று பொய் சொன்னேன். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார வேண்டும், இரவு உணவு பழம் மட்டும். நாலாம் நாள் இரவு அந்த உறைந்த படம் வந்தது. மண்மேடு, பாதுகாப்பு உடை, திரும்பத் திரும்ப. நெஞ்சு இறுகி, கை மரத்து, மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. வராந்தாவுக்கு ஓடினேன். ராத்திரி இரண்டு மணி. பேசக் கூடாது என்ற விதி மண்டைக்குள் அவ்வளவு ஏறியிருந்ததால், எதிரே வந்த காவலாளியிடம் தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. காலையில் நடத்துபவரிடம் சொன்னேன். "இதுதான் ஆன்மாவின் இருண்ட இரவு, நீங்கள் பாக்கியசாலி, இன்னும் ஆழமாகப் போங்கள்" என்றார். ஜெபத்தில் ஆண்டவரை உணரவே முடியாமல் போகும் கட்டத்துக்கு ஞானிகள் வைத்த பெயர் அது. நானும் போனேன். மிச்ச ஆறு நாளும் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து வந்தவள் பழைய ஆளாக வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் எழுதிய வரிக்கு அடுத்த வரி என்னவென்று தெரியாமல் நின்றேன். இருபது வருடமாக நடத்துகிற பாடம். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பயந்துவிட்டார்கள். ஜூலையில் மருத்துவ விடுப்பு எடுத்தேன். கையிருப்பு விடுப்பு தீர்ந்ததும் சம்பளமில்லாத விடுப்பு, நாலு மாதம். கிட்டத்தட்ட ரூ.2,48,000 போனது. மகளுக்குக் கல்லூரி முதல் வருடக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். என் வளையல் இரண்டை அடகு வைத்தோம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் நாலு மணி அலாரத்தை நான் நிறுத்தவில்லை. இருண்ட இரவு என்று சொல்லிவிட்டார்களே, நிறுத்தினால் ஆண்டவரை விட்டு ஓடுவதாகும் என்று நினைத்தேன். சில நாட்கள் விடியும்போது, நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் சுலபம் என்ற எண்ணமும் வந்தது. அதையும் ஜெபத்தின் ஒரு கட்டம் என்றே நம்பினேன்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். அந்த எண்ணம் உங்களுக்கு வந்தால் அது எந்தக் கட்டமும் இல்லை. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனஸ் உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். அது 2022 அக்டோபரில்தான் தொடங்கியது, எனக்கு அந்த நாட்களில் இல்லை. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த அளவுக்கு ஒளித்து வைத்திருந்தேன். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தன் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் சோதனைக்காரனான சாத்தானைக் கள்ளக் காதலனுக்கு ஒப்பிடுகிறார். அப்பாவிடமோ கணவனிடமோ விஷயம் போய்விடக் கூடாது என்பதுதான் அவன் முதல் கவலை, வெளியே சொல்லிவிட்டால் அவன் பிடி தளர்ந்துவிடும் என்கிறார். பின்னாளில் அதை வாசித்தபோது, முகாமுக்குப் போக நான் சொன்ன பொய்தான் நினைவுக்கு வந்தது.

அக்டோபரில் மகள்தான் வழி காட்டினாள். அவளுடைய கல்லூரி விடுதிப் பொறுப்பில் இருந்த கன்னியர் ஒருவரிடம் அழுதிருக்கிறாள். அவர் தங்கள் மடத்தில் ஓய்விலிருந்த ஒரு மூத்த சிஸ்டரிடம் என்னை அனுப்பினார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். பெரிய அறை, மெழுகுவர்த்தி என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் மடத்துச் சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முறத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். நானும் உரித்தேன். என் தியானம், வெறுமை, இருண்ட இரவு என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும் மூன்று கேள்வி கேட்டார். "ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறம்மா?" "காலையில என்ன சாப்பிட்ட?" "இதெல்லாம் வேற யாருக்குத் தெரியும்?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. வெங்காயத்தோடு சேர்த்து அழுதேன். "ஜெபத்தப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வா. அப்படியே மனநல டாக்டரையும் பாரு" என்றார்.

ஹீமோகுளோபின் 8.6. தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. மனநல மருத்துவர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, இது மனச்சோர்வு நோய், துக்கத்தில் தொடங்கித் தூக்கமின்மையில் முற்றியிருக்கிறது, முகாமில் வந்தது பீதித் தாக்குதல் என்றார். ஒரு முறைக்குக் கட்டணம் ரூ.500. காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதே பிரிவு இலவசமாக இருக்கிறது. மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் முழு இரவு தூங்கினேன். எனக்குப் பெரிய மனத்தடை இருந்தது, மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்றாகுமே என்று. சிஸ்டர் வேதாகமத்தைத்தான் திறந்தார். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டுமென்று கேட்கிறார் அல்லவா. அப்போது கர்த்தர் அவருக்குத் தரிசனம் கொடுக்கவில்லை. தூங்கவிட்டு, தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிட வைக்கிறார். அந்த மெல்லிய சத்தம் அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான். "அடைக்கு முன்னாடி நீ ஓரேபுக்கு ஏறப் பாத்திருக்க" என்றார்.

பிறகு பழைய ஞானிகளையே எடுத்துக் காட்டினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் என்னை ஆழமாகப் போகச் சொன்னார்கள். 'இருண்ட இரவு' என்ற பெயரைத் தந்தவர் சிலுவை யோவான், பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி. சொந்தச் சபையினராலேயே டொலேதோவில் சுமார் ஒன்பது மாதம் சிறை வைக்கப்பட்டவர். அதே பெயருள்ள தன் நூலிலேயே அவர் எச்சரிக்கிறார்: வறட்சி என்பது உடல் கோளாறாலோ மனச்சோர்வாலோ வரலாம், எனவே மூன்று அடையாளம் பார்க்க வேண்டும். ஆண்டவர் காரியத்திலும் சுவை இல்லை, உலகக் காரியத்திலும் சுவை இல்லை என்பது ஒன்று. அப்படி இருந்தும், தான் பின்னடைந்துவிட்டோமோ என்ற ஏக்கத்தோடு மனம் ஆண்டவரையே சுற்றுவது இன்னொன்று. முன்பு போலக் கற்பனையிலும் யோசனையிலும் தியானிக்க முடியாமல் போவது மூன்றாவது. முதல் அடையாளம் மனச்சோர்விலும் அப்படியே இருக்கும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மனச்சோர்வும் இருண்ட இரவும் ஒருவருக்கு ஒரே சமயத்தில் இருக்கலாம் என்பதையும் அவர் ஒத்துக்கொள்கிறார். அவருடைய சமகாலத்தவரான ஸ்பானியக் கன்னியர் அவிலா தெரேசா 1577இல் எழுதிய 'அகக் கோட்டை'யில், எட்டு மணி நேரம் மெய்மறந்து கிடந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அது தேவ அனுபவம் இல்லை, பலவீனம் என்று புரிந்த ஒருவர் அவரைச் சாப்பிடவும் தூங்கவும் வைத்து, தவத்தைக் குறைத்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது. நானூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

வித்தியாசத்தை நடைமுறையில் எப்படிப் பார்ப்பது என்று சிஸ்டரிடம் கேட்டேன். ஜெபத்தில் வரும் வறட்சி பெரும்பாலும் ஜெபத்தில்தான் தெரியும், வேலையும் அன்பும் ஓடிக்கொண்டிருக்கும் என்றார். ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் அடுத்த வரி தெரியாமல் நின்றால், குளிக்க மனமில்லை என்றால், பிள்ளை பேசுவது காதில் விழவில்லை என்றால், முதலில் மருத்துவர். தெரேசா பாணியில் சொன்னால் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். அவர் ஜெபத்தை நாலு விதமாகத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டார்: கிணற்றில் வாளியால் இறைப்பது, சக்கரம் வைத்து இறைப்பது, வாய்க்கால், மழை. தண்ணீர் எப்படி வருகிறது என்பதை விட, செடி பிழைத்திருக்கிறதா என்பதுதான் தோட்டக்காரனுக்கு முக்கியம். என் தோட்டத்தில் ஒரு செடியும் அப்போது பிழைத்திருக்கவில்லை.

சிலுவை யோவானின் இன்னோர் உவமை எனக்கு நெருக்கமானது. குழந்தைக்குப் பால் மறக்கச் செய்ய, தாய் மார்பில் கற்றாழைக் கசப்பைத் தடவுகிறாள், மடியிலிருந்து இறக்கி நடக்க விடுகிறாள், ஆண்டவரும் இனிமையை அப்படி எடுக்கிறார் என்கிறார். என் தம்பிக்கு அம்மா வேப்பெண்ணெய் தடவியது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. அவன் முகத்தைச் சுளித்து, அம்மாவையே அடித்து, ராத்திரியெல்லாம் அழுதான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார்கள். பாலைத்தான் நிறுத்தினார்கள், தூக்குவதை நிறுத்தவில்லை. 131ஆம் சங்கீதத்தில் "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்று வருவது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது செய்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த யோசனைகள். முதலில் ஆள், அப்புறம் முறை. மாதம் ஒரு தடவை நீங்கள் உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். கத்தோலிக்கர் ஆன்ம வழிகாட்டி என்பார்கள், நம் சபைகளில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் வேலை ஒன்றுதான். பெரும்பாலான மறைமாவட்டங்களிலும் இயேசு சபை, கார்மேல் சபை போன்ற துறவற சபைகளிலும் தியான இல்லங்கள் உண்டு, வேறு சபையாரையும் மறுப்பதில்லை. நாளுக்கு உணவோடு சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆகும், பல இடங்களில் காணிக்கை மட்டும். போவதற்கு முன் ஃபோனில் கேளுங்கள்: தினமும் தனியாக ஒருவர் என்னோடு பேசுவாரா? இடையில் உடம்பு சரியில்லை என்றால் மௌனத்தை உடைக்கலாமா? நான் சாப்பிடும் மருந்தைத் தெரிவிக்கலாமா? இஞ்ஞாசியார் வகுத்த தியானத்தில் தினமும் வழிநடத்துபவரைச் சந்திப்பது முறையின் ஒரு பகுதி. எட்டு நாள் மௌனம் என்றாலும் அந்த ஒரு வாசல் திறந்தே இருக்கும். நான் போன முகாமில் அந்த வாசல் இல்லை. அன்புக்குரியவர் இறந்து ஒரு வருடம் ஆகாதவர்கள் நீண்ட மௌனத்துக்குப் போக வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. துக்கத்துக்கு ஆட்கள் வேண்டும், அழ ஒரு தோள் வேண்டும்.

திருச்சிக்காரர்களுக்கு அருகிலேயே சாந்திவனம் இருக்கிறது. குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில். கரூர் பஸ்ஸில் போகலாம். 1950இல் பிரெஞ்சுக் குருக்கள் மோன்ஷானேனும், பின்னால் அபிஷிக்தானந்தர் என்று அழைக்கப்பட்ட லெ சோவும் தொடங்கினார்கள். 1968இல் வந்த பீட் கிரிஃபித்ஸ் 1993இல் இறக்கும் வரை நடத்தினார். கோயில் நம் ஊர்க் கோயில் போலவே இருக்கும், ஜெபத்தில் ஆரத்தி உண்டு. எனக்கு முதல் தடவை கூச்சமாக இருந்தது, ஆற்றங்கரையில் உட்கார்ந்ததும் போய்விட்டது. இதெல்லாம் கத்தோலிக்கருக்குத்தான் என்று யாராவது சொன்னால், திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைச் சொல்லுங்கள். 1921இல் ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கியது, இருவரும் புராட்டஸ்டண்டுகள், இருவரும் மருத்துவர்கள். ஜெபமும் ஆஸ்பத்திரியும் அங்கே ஒரே வளாகத்தில்தான் வளர்ந்தன. என் சபை ஐயரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் கொஞ்சம் இளகினார்.

தனியாகத் தொடங்க வேண்டியவர்களுக்கு வேத வாசிப்பிலிருந்து போவதுதான் பத்திரம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி நாலு படி சொன்னார்: வாசிப்பது, அசைபோடுவது, ஆண்டவரிடம் பேசுவது, பேச்சு ஓய்ந்து இருப்பது. நாலாவது படி ஒரு நாள் வராவிட்டாலும் முதல் மூன்றில் உங்கள் கை எதையாவது பிடித்திருக்கும். சும்மா மௌனத்தில் குதித்த எனக்குப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவிலா தெரேசாவே பதினெட்டு வருடம் கையில் புத்தகம் இல்லாமல் ஜெபத்துக்கு உட்காரத் துணியவில்லை என்று எழுதியிருக்கிறார். தூங்கிவிடுகிறோமே என்று வருந்துகிறவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கன்னியர் குழந்தை தெரேசா இருக்கிறார். அவரும் ஜெபத்தில் தூங்கியவர்தான், பெற்றோருக்குப் பிள்ளை தூங்கினாலும் விழித்தாலும் ஒன்றுதானே என்று சமாதானமாக இருந்தார். இயேசு ஜெபம், அதாவது இயேசுவே என்மேல் இரங்கும் என்ற சிறு ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் மூச்சைக் கட்டும் பயிற்சிகளைப் புத்தகம் பார்த்துச் செய்ய வேண்டாம், கீழைத் திருச்சபை மரபில் அதை மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில்தான் சொல்லித் தருவார்கள்.

மொத்தத்தில் புத்தகம், வகுப்பு, முகாம், சம்பளம் சேர்த்து ரூ.2,81,700 போனது. வளையலை அடுத்த வருடம் மீட்டோம். மனச்சோர்வுக்கான மாத்திரையை மருத்துவரே படிப்படியாகக் குறைத்து 2024இல் நிறுத்தினார். தைராய்டு மாத்திரை தொடர்கிறது. ஜெபத்தையும் சிஸ்டர் உடனே திருப்பித் தரவில்லை. முதல் ஆறு மாதம், படுக்கும் முன் அன்றைய நாளை ஐந்து நிமிடம் ஆண்டவரோடு திரும்பிப் பார்ப்பது மட்டும். அப்புறம் பத்து நிமிடம் உட்கார அனுமதி. இன்று காலை ஐந்தரைக்கு இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம், "மாரநாதா". வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மகள் விடுமுறைக்கு வந்தால் சில நாள் பக்கத்தில் உட்காருவாள், பாதியில் எழுந்து போய்விடுவாள். அந்தப் பழைய இனிமை பெரும்பாலும் வருவதில்லை. அம்மாவுக்காக ஒரு நாள் நாசரேத்துக்குப் போய்க் கல்லறையில் அந்தப் பாமாலையைத் தம்பியோடு சேர்ந்து முழுதாகப் பாடிவிட்டு வந்தேன்.

இளம் டீச்சரை இரண்டாம் சனிக்கிழமை சிஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது சிஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேச வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதே வாரம் எனக்குத் தைராய்டு டெஸ்டும் இருக்கிறது. இரண்டு தேதியையும் ஒரே நோட்டில்தான் குறித்திருக்கிறேன்.